நாற்பது நிமிடப் பால்

பல்லடம் ரோட்டை விட்டுக் கிழக்கே பிரிகிற தார்ச்சாலையின் கடைசியில், முந்நூறு பெண்கள் வெளிநாட்டுக்காரனுக்கு டீ-சர்ட் தைத்துக் கொடுக்கிற ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அதில் மூன்றாவது லைனில் கழுத்துப் பட்டி அடிக்கிற தவமணி, தலைப்பிள்ளை பெற்ற நாலாம் மாதம், மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பால் எடுக்கிற பம்ப் வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். ஒரு கழுத்துக்கு முப்பத்தெட்டு வினாடி என்று கடிகாரத்தோடு ஒருவன் பக்கத்தில் நின்று அளந்து, அவள் மெஷினில் சீட்டு ஒட்டி நாலு வருடம் ஆகியிருந்தது. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் இது எத்தனை வினாடி என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கும்; கல்யாணத்தில் தாலி கட்டும்போதும் கேட்டது, பிரசவ வலியிலும் கேட்டது.

கடைக்காரர் மூன்று டப்பாக்களைப் பழைய பேப்பரில் பாதி மூடியபடியே எடுத்து வைத்தார், ஏதோ திருட்டுச் சாமான் போல. ஒன்று ரப்பர் உருண்டை வைத்த கண்ணாடிப் பம்ப். ஒன்று கைப்பிடியை அமுக்கி அமுக்கி எடுப்பது. ஒன்று ஒயரும் மோட்டாரும் இரண்டு பாட்டிலும் வைத்தது.

“எது எத்தனை நிமிசத்துல முடியுங்ணா?”

“ஏனம்மிணி, பந்தயத்துக்கா போறே?”

“பந்தயமாட்டந்தானுங்க. டீ டைம் பத்து நிமிசம். போக வர ரெண்டு, க்யூவுல நிக்க ஒண்ணு, கழுவறதுக்கு ஒண்ணு. மிச்சம் ஆறுதான் என்னுது.”

கடைக்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றும் புரியாமல் உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பேப்பரை உருவிக் கீழே போட்டாள்.

“ரப்பர் உருண்டை புண்ணாக்கிப் போடும் கண்ணு, அதைத் தொடாதே. கைப்பிடி போட்டது நல்லாத்தான் இருக்கும், கை வலிக்கும், நாப்பது நிமிசம் ஆவும். கரண்டுல ஓடறது ஆறே நிமிசந்தான்.”

நாற்பது நிமிடம் யாருக்கு இருக்கிறது? தவமணி கரண்டில் ஓடுவதை வாங்கினாள்.

வீட்டில் அவள் புருஷன் சேனாபதி, சாயப்பட்டறையில் கையெல்லாம் நீலம் பிடித்தவன், ஒயரை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “டின்பால் குடுத்தா ஆவாதா?” என்றான்.

“என்ற மார்ல பாலு கட்டி நிக்கையில டின்னு எதுக்கு மாமா?” என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள நாத்தனார் ஒப்புக்கொண்டாள்.

சட்டத்தில் பால் கொடுக்கிற தாய்க்கு இரண்டு இடைவேளை உண்டு, குழந்தைகளுக்குக் காப்பகம் உண்டு. கம்பெனியிலும் காப்பகம் இருந்தது. சுவரில் யானையும் மயிலும் வரைந்து, தொட்டில் தொங்கவிட்டு, பூட்டுப் போட்டு, சாவியை எச்.ஆர். கிருபாகரன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற ஆடிட்காரர்கள் வருகிற அன்று திறந்து, துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலை பார்க்கிற யாராவது ஒருத்தியின் பிள்ளையை இரவல் வாங்கித் தொட்டிலில் போட்டு ஆட்டுவார்கள். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் தொட்டிலில் காலி அட்டைப்பெட்டிகள் உறங்கின.

ஆகவே திங்கட்கிழமை பத்தரை மணிக்கு டீ மணி அடித்ததும் தவமணி கழிவறைக்கு ஓடினாள். அங்கே சுவரில், போன ஆடிட்டுக்காக மாட்டி ஒருநாள்கூட ஓடாத, கை உலர்த்துகிற மெஷின் ஒன்று இருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் பிளக்கைச் சொருகி, மூன்றாவது கதவுக்குள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, துப்பட்டாவைப் போர்த்தி, சுவிட்சைப் போட்டாள். பம்ப் உர்ர் என்றது. இரண்டாம் நிமிடத்தில் இரண்டு பாட்டில்களும் நிரம்பின. மூன்றாம் நிமிடத்தில் வழிந்தன. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது கால் பாட்டில் வரவே மூச்சு முட்டியது. இங்கேயோ பக்கத்திலிருந்த தண்ணீர் மக் நிரம்பி, அவள் சாப்பாட்டுத் தூக்கின் மேல் அடுக்கு நிரம்பி, பால் வந்துகொண்டே இருந்தது, ஆனால் அவள் மார்பு மட்டும் கல்லாகக் கனத்தபடியே கிடந்தது. அவளிடமிருந்து ஒரு சொட்டு போகவில்லை. கவிழ்த்த பக்கெட்டுக்கு அடியில், தரைக்கு அடியில், குழாய்க்கும் அடியில், இருபத்திரண்டு வருடமாக அந்தக் கம்பெனியின் பெண்கள் மார்பு கட்டி, ஜாக்கெட் நனைந்து, காய்ச்சல் வந்து, பத்து நிமிடத்துக்குள் பீய்ச்சிப் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன பால் அத்தனையும் கிடந்தது. அது ஏறி வருவது அவள் குதிகாலில் தெரிந்தது.

தவமணி கதவைத் திறந்துகொண்டு கத்தினாள்.

முதலில் ஓடி வந்தவள் செக்கிங் டேபிள் துளசிமணி. மக்கில் பால் ஒன்றோடொன்று கலக்காமல், ஒரு வரி மஞ்சளாக, ஒரு வரி நீலம் பாய்ந்ததாக அடுக்கடுக்காக நின்றதை அவள் பார்த்தாள். குனிந்து முகர்ந்தாள். குறை கண்டுபிடித்துப் பழகிய மூக்கு.

“ஏம்புள்ளே, இந்த மேல் அடுக்கு என்றதாச்சே.”

“எப்படிங்க்கா சொல்றீங்க?”

“கொள்ளு ரசம் வாசம் அடிக்குது பாரு. பால் குடுக்கறவளுக்குக் கொள்ளு ஆகாதுன்னு மாமியா கத்துவா, நா திருட்டுத்தனமாக் குடிப்பேன். என்ற சின்னவனுக்கு இப்ப மூணு வயசு. இதே கதவுக்குள்ள நின்னுதான் பீச்சி உட்டேன், அழுதுட்டே.” சொல்லிவிட்டு அவள் தன் தண்ணீர் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துக் காலி செய்தாள். “ஊத்து.”

அவ்வளவுதான். தவமணி மேல் அடுக்கை மட்டும் சாய்த்து ஊற்றினாள். துளசிமணி பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே, “மணி அடிச்சுருச்சு, ஓடு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர் சொம்போடு வந்தார்கள். வெள்ளிக்கிழமை நாற்பது பேர். மேலே கிடந்தது முதலில் வந்தது, அடியில் கிடந்தது பிறகு வந்தது, ஒவ்வொரு டீ நேரத்துக்கும் பால் ஆறு மாதம் ஒரு வருடம் என்று பின்னால் போனது; பெண்கள் வரிசையில் நின்று, நிறத்தையும் வாசத்தையும் பார்த்து, இது பூண்டு, இது சுறாப்புட்டு, இது பஞ்சத்தில் வெறும் ரேஷன் அரிசிக் கஞ்சி குடித்த பால், நீர்த்துப் போயிருக்கிறது பார் என்று அவரவருடையதை அவரவர் அடையாளம் கண்டு வாங்கிப் போனார்கள். வேலையை விட்டு நின்று வருடக்கணக்கானவர்கள் ஷேர் ஆட்டோவில் வந்து கேட்டுக்கு வெளியே காத்து நின்றார்கள். வாங்கிய பாலை நன்றாகக் காய்ச்சி, வளர்ந்த பிள்ளைகளுக்குக் காப்பியில் கலந்து கொடுத்தார்கள். மீசை முளைத்த பையன்கள் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள். பாலிடெக்னிக் படிக்கிற ஒருத்தன் காரணம் தெரியாமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனானாம். அதைச் சொல்லி லைன் முழுக்கச் சிரித்தார்கள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு லேபிள் வைத்தார்கள்.

கம்பெனியில் இரண்டு தொழிற்சங்கங்கள் இருந்தன. ஒரு சங்கம் இது மூடநம்பிக்கை என்று நோட்டீஸ் போட்டது. இன்னொரு சங்கம் இது உபரி உழைப்பு என்று நோட்டீஸ் போட்டது. இரண்டும் ஒரே அச்சகத்தில் அச்சாகி, ஒரே கேட்டில் ஒட்டப்பட்டு, ஒரே மழையில் கரைந்தன; பூட்டிக் கிடக்கிற காப்பகத்தைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை.

பிறகு கிருபாகரன் சார் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். கம்பெனி மின்சாரத்தில், கம்பெனி வளாகத்தில், கம்பெனி நேரத்தில் எடுக்கப்படும் எந்தப் பொருளும் கம்பெனிக்குச் சொந்தமானது. வெளியே கொண்டுபோக விரும்புகிறவர்கள் கேட் பாஸ் வாங்க வேண்டும்.

தவமணி அதை மூன்று தரம் படித்தாள். திரும்பிப் பார்த்தாள், யாராவது ஒருத்தி அந்தக் காகிதத்தைக் கிழிப்பாள் என்று. அவர்கள் கேட் பாஸுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க்கா, நம்ம ஒடம்புல இருந்து வந்ததுக்குச் சீட்டா?”

“சீட்டுதானே, வாங்கிட்டுப் போவோம். இல்லீனா பிளக்கைப் புடுங்கிப் போடுவான்” என்றாள் துளசிமணி, முன்னால் நின்றவளின் முதுகைத் தள்ளிக்கொண்டே.

அந்த இரண்டு வாரத்தில் தவமணியின் சொந்தப் பால் ஒரு சொட்டும் பம்ப்பில் வரவில்லை. காலையில் ஒரு தரமும், ஒன்றரை ஷிப்ட் முடிந்து போய் ஒரு தரமும் பிள்ளை குடித்தான். நடுவில் பதிமூன்று மணி நேரம் பால் கட்டி நின்றது, நெறி கட்டியது, பிறகு வலியே இல்லாமல் போயிற்று. வலி நின்றதும்தான் அவள் பயந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அமுக்கிப் பார்த்துவிட்டு, “எடுக்காமயே வெச்சிருந்தா இது தேவையில்லைன்னு ஒடம்பே முடிவு பண்ணிக்கும்மா. இன்னும் ரெண்டு மூணு நாள் இப்படி உட்டா வத்திப் போயிரும், அப்பறம் என்ன பண்ணினாலும் வராது” என்றாள். நாத்தனார் கொடுத்த டின்பாலைப் பிள்ளை நாக்கால் தள்ளித் தள்ளித் துப்பினான். கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. கழிவறைக்கடியிலிருந்து வந்ததை நாலு மாதப் பிள்ளையின் வாயில் வைக்க அவளால் முடியவில்லை, எத்தனை காய்ச்சினாலும்.

“அக்கா, நா கையில அமுக்கற பம்ப்புக்கு மாறிக்கறேனுங்க” என்று துளசிமணியிடம் சொன்னாள்.

துளசிமணி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “அப்ப எங்க பாலு?”

“வேற யாராச்சும் வெச்சுப் பாருங்களேன்.”

“வெச்சுப் பார்க்காமயா இருந்தோம்? ஏழு பேர் வெச்சுப் பார்த்தாச்சு, காத்துதான் வருது. பால் ஊறுற மாரு இந்தக் கம்பெனியிலயே இப்ப உன்றது ஒண்ணுதான்.” அது உண்மை. மூன்று வருடமாகவே, பிள்ளை பெற்ற மற்றவர்களையெல்லாம் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கழுத்து அடிக்க ஆள் கிடைக்காததால்தான் தவமணியைக் கூப்பிட்டார்கள். “உன்ற பையனுக்கு டின்னு இருக்குது அம்மிணி. எங்களுக்கு என்ன இருக்குது? இன்னும் மயிலாத்தாளோடது வரோணும். அதுவரைக்குமாச்சும் பொறுத்துக்க.”

மயிலாத்தாள் கழிவறை கழுவுகிறவள். கம்பெனி தொடங்கிய வருடம் அவளும் லைனில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கப்பலுக்கு நேரமாகிறது என்று ஷட்டரை இறக்கி வேலை வாங்கிக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் புருஷன் கேட்டுக்கு வந்தான். ஷிப்ட் முடியட்டும் என்று செக்யூரிட்டி அவனை உட்கார வைத்தான். ஷிப்ட் முடிந்து அவள் போனபோது பிள்ளை ஆறிப் போயிருந்தது. மூன்றாம் நாள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றார்கள், வந்தாள். செத்துப் போனது மார்புக்குத் தெரியவில்லை. அது ஒன்பது நாள் சுரந்தது. ஒன்பது நாளும் அவள் அந்தக் கழிவறையில் பீய்ச்சினாள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்தப் பால்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அது வருகிற நாளை அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை, இரண்டாவது டீ. பித்தளைச் சொம்பு விளக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி கற்பூரம்கூட வாங்கி வந்திருந்தாள். கிருபாகரன் சார் அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார், போட்டோ எடுக்க ஆளும் அனுப்பினார். தவமணி பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, எதிரே நின்ற முகங்களைப் பார்த்தாள். கோயில் வாசலில் நடை திறக்கக் காத்திருக்கிற முகங்கள். ஒருத்திகூட மயிலாத்தாளைப் பார்க்கவில்லை. அவள் துடைப்பத்தோடு மூலையில் நின்றாள், கையில் பாத்திரம் எதுவும் இல்லை.

“மயிலாத்தக்கா, முன்னால வாங்க. சொம்பைப் புடிங்க” என்றாள் தவமணி.

“எதுக்கு?”

“ஏனுங்க்கா இப்படிக் கேக்கறீங்க? உங்க பாலு. பையனைப் பொதைச்ச எடத்துல கொண்டுபோயி ஊத்தலாமல்லோ?”

“அந்த எடத்துல சாயப்பட்டறை நிக்குது. எந்தத் தொட்டிக்கு அடியிலன்னு நா போய்த் தேடட்டும்?” மயிலாத்தாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். தவமணியிடம் வந்தாள். அவள் மார்பில் கை வைத்து, மாட்டுக்காரி பார்ப்பது போல அழுத்திப் பார்த்தாள். “வத்துது” என்றாள். “உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லியா? இவளுக்கு வத்துதடி.”

பிறகு நடந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

உர்ர் சத்தம் நின்றது. நாற்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். துளசிமணிதான் எல்லாரையும்விட உரக்க. “என்ற மூத்தவளோட பாலு இன்னும் பாதி வராம அடியில ஒட்டிக் கெடக்குது! நீ யாரு நிறுத்தறதுக்கு?”

“கெடக்கட்டும். இத்தனை வருசமா அது மேலதானே தண்ணி ஊத்திக் கழுவீட்டு இருக்கறேன்” என்றாள் மயிலாத்தாள். ஒயரைக் கையில் சுற்றி, பம்ப்பைத் தன் குப்பை வாளியில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் தவமணியோடு பேசவுமில்லை. லைனுக்குத் திரும்பும்போது துளசிமணி அவளைத் தோளால் இடித்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் தவமணி ஒரே ஷிப்டோடு கிளம்பி மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரரின் மனைவி எதுவும் கேட்காமல் கைப்பிடி போட்டதை எடுத்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மணி அடித்தது. கழிவறையில் நாற்பது நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க முடியாது. எட்டுக் கதவுக்கு முந்நூறு பேர். காப்பகம் பூட்டியிருந்தது. ஆகவே அவள் எங்கும் போகவில்லை. தன் மெஷின் முன்னால் தன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து, துப்பட்டாவைப் போர்த்தி, கைப்பிடியை அமுக்க ஆரம்பித்தாள். டக், டக், டக். முதல் நாலு நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நிமிடம் ஒரு சொட்டு வந்து பாட்டில் கழுத்தில் நின்றது, இறங்கவில்லை. காலையில் பிள்ளை ஏன் அழாமல் கிடந்தான் என்று அவள் யோசித்தாள். அழத் தெம்பில்லாமல் கிடந்தானோ என்று தோன்றியதும் கை தானாக வேகமாயிற்று.

டீ முடிந்து மணி அடித்தது. லைன் ஓடத் தொடங்கியது. கை வைத்து மூட்டிய பீஸ்கள் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தன, கட்டு மேல் கட்டாக ஏறின. அவளைத் தாண்டி எதுவும் போகவில்லை. கழுத்து இல்லாமல் அடுத்தவள் லேபிள் வைக்க முடியாது, லேபிள் இல்லாமல் கீழ்மடிப்பு அடிக்க முடியாது. கிருபாகரன் சார் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார்.

“டைம் முடிஞ்சுது தவமணி.”

“எனக்கு இன்னும் முடியலீங்க சார்.”

“இப்ப எந்திரிக்கலைன்னா உனக்கு இங்க வேலை இல்லை.”

“செரிங்க சார்” என்றாள். கை நிற்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் அவளுக்கு வேலை போயிற்று. அதற்கப்புறம் ஓடிய நேரம் முப்பத்தெட்டு வினாடிகளாகப் பிரியாமல், முதன்முதலாக முழுசாக இருந்தது.

அவர் பக்கத்து மெஷின்காரியைப் பார்த்து, “நீ போய்க் கழுத்து அடி” என்றார். பதினொரு வருடமாக எல்லா மெஷினிலும் உட்கார்ந்தவள் அவள். அவள் எழுந்து நின்று, தவமணியின் கையைப் பார்த்து, பிறகு தன் கையைப் பார்த்தாள்.

“எனக்குக் கழுத்து வராதுங்க சார்.”

“போன மாசம் அடிச்சியே!”

“மறந்து போச்சுங்க.”

அடுத்தவளுக்கு விரலில் ஊசி ஏறியிருந்தது. எந்த விரல் என்று கேட்டதற்கு ஒன்றைக் காட்டி, மறுபடி கேட்டபோது வேறொன்றைக் காட்டினாள். அதற்கடுத்தவள் கண்ணாடி கொண்டு வரவில்லை. அவள் கண்ணாடி போட்டு யாரும் பார்த்ததில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் எழுந்து வெளியே போகவில்லை. இருபது வருடம் நோட்டீஸ் படித்தும் வராத ஒன்று அந்த ஷெட்டுக்குள் வந்து, குரலே இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. சார் துளசிமணியிடம் போனார். தவமணிக்குக் கழுத்து அடிக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான் என்பது அவருக்குத் தெரியும். அவள் நேற்றிலிருந்து தவமணியின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதும் தெரியும்.

“நீயாவது போம்மா. மூணு மணிக்குக் கண்டெய்னர் வந்துரும்.”

துளசிமணி ஒரு பீஸை விரித்து, தையலைத் தடவி, மடித்து வைத்தாள். தவமணியின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: “நா செக்கிங்குங்க சார். தப்பு இருந்தா எடுத்துக் காட்டுவேன், அவ்வளவுதான். கழுத்தெல்லாம் எனக்கு என்ன தெரியும்?”

ஷெட்டில் டக், டக் என்கிற சத்தம் மட்டும் கேட்டது. பாட்டிலின் கழுத்தில் நின்ற சொட்டின் மேல் இன்னொன்று விழுந்து இரண்டும் சேர்ந்து இறங்கின. பிறகு நூல் பிரிந்து வருவது போல மெல்லிசாக ஒரு தாரை வந்தது, வந்து நின்றது, மறுபடி வந்தது. வேறு யாருடைய வாசமும் அதில் இல்லை. இரண்டு விரல் உயரத்துக்கு ஏறியபோது கிருபாகரன் சார் கடிகாரத்தைப் பார்த்து, ஓய்ந்து கிடந்த மெஷின்களைப் பார்த்து, வேறு ஒரு குரலில் கேட்டார்.

“முடிஞ்சுதாம்மா?”

தவமணி பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

“ஒரு பக்கம் முடிஞ்சுதுங்க சார்” என்று சொல்லிவிட்டு, பம்ப்பை மறுபக்கம் மாற்றினாள்.